நேரத்தோடு கண்டறிதல்: மார்பகப் புற்றுநோயும் நாங்களும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



மருத்துவத் துறையில் இருக்கும் பழைய மாணவிகளின் சார்பில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பழங்கதைகளைச் சொல்ல இங்கே எங்களைவிடத் தகுதியான அக்காமார் பலர் இருக்கிறார்கள். ஆகவே, இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடிய ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல் குப்பி விளக்கில் படித்த நாங்கள் இன்று நாற்பதைத் தாண்டி நிற்கிறோம். எங்களுக்கு மூத்தவர்கள் ஐம்பது, அறுபதில் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு வயதோடு கூடுவது இந்தக் காலத்தில்தான். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுதான்.

இந்நோயை நேரத்தோடு கண்டறியும் வழியை உலகத்துக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் எக்ஸ்றே படம் பார்க்கும் கதிரியல் வைத்தியர்கள். 1913ஆம் ஆண்டில் பேர்லினில் அல்பேர்ட் சலமோன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், அகற்றப்பட்ட மூவாயிரம் மார்பகங்களை எக்ஸ்றே எடுத்து, கட்டி படத்தில் எப்படித் தெரிகிறது என்று ஆராய்ந்தார். ஆனால் அது சுகதேகியான பெண்ணுக்குப் பயன்பட அரை நூற்றாண்டு பிடித்தது.

நியூயோர்க்கில் பிலிப் ஸ்ட்ராக்ஸ் என்ற கதிரியல் வைத்தியர் தம் மனைவியை இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்களைப் படம் எடுத்துப் பார்த்தால் உயிர் தப்புமா என்பதே பின்னர் அவருடைய ஆராய்ச்சியின் கேள்வியாயிற்று. இதற்குப் பதில் சொல்வது இலேசல்ல. நோயை மூன்று வருடம் முந்திக் கண்டுபிடித்தால், இறக்கும் நாள் மாறாமலே, நோயோடு வாழ்ந்த காலம் மட்டும் மூன்று வருடம் கூடியதுபோலத் தோன்றலாம். அதனால் எத்தனை பேர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தால் போதாது. அழைக்கப்பட்ட குழுவிலும் அழைக்கப்படாத குழுவிலும் எத்தனை பேர் இந்நோயால் இறந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும்.

ஸ்ட்ராக்ஸும், புள்ளிவிபர அறிஞர் சாம் ஷப்பீரோவும், சத்திரசிகிச்சை வைத்தியர் லூயி வெனெற்றும் 1963 இறுதியில் இதைத் தொடங்கினார்கள். 40 முதல் 64 வயது வரையான ஏறத்தாழ 62,000 பெண்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினரை வருடாவருடம் மமோகிராமுக்கும் வைத்தியப் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, அழைக்கப்பட்ட குழுவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஒருமுறைகூட வரவில்லை. அவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் இந்தப் பலன் கிடைத்தது.

அடுத்து சுவீடன். அங்கே லாஸ்லோ ரபார் என்ற கதிரியல் வைத்தியர் 1977இல் இரு மாவட்டங்களில் தொடங்கிய ஆய்வில் கையால் பரிசோதிக்கவில்லை, படம் மட்டுமே எடுத்தார்கள். 1985இல் வெளிவந்த முடிவு, இறப்பு 31 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அதன் பின்னரே பிரித்தானியா 1988இல் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது.

எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கனடாவில் 1980இல் தொடங்கிய பெரிய ஆய்வில் மமோகிராமால் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. உயிருக்கு ஒருபோதும் கேடு செய்திராத சிறு கட்டிகளும் படத்தில் அகப்பட்டு, தேவையற்ற சிகிச்சைக்கு இட்டுச்செல்வதுண்டு. இளம் பெண்களின் மார்பகம் அடர்த்தியானது. படத்தில் அந்த அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. எற்றா பிசானோ என்ற பெண் கதிரியல் வைத்தியர் 49,528 பெண்களைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களிலும் அடர்த்தி கூடியவர்களிலும் பழைய ஃபிலிமைவிட டிஜிட்டல் மமோகிராம் நன்றாகக் கண்டறிகிறது என்று காட்டியது. இளவயதினருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கானை நாங்கள் முதலில் எடுப்பதும் இந்த அடர்த்தியால்தான்.

இவையெல்லாம் வசதி படைத்த நாடுகளின் கதை. எங்களுக்குக் கிட்டிய கதை மும்பாயில் இருக்கிறது. 1998இல் ராட்டா நினைவு வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வைத்தியர் இந்திரநீல் மித்ராவும் குழுவினரும், சேரிப்பகுதிகளில் வாழ்ந்த 35 முதல் 64 வயது வரையான 151,538 பெண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மமோகிராம் இல்லை. பயிற்றப்பட்ட சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கொரு தடவையாக நான்கு சுற்று கையால் பரிசோதித்தார்கள். இருபது வருடம் தொடர்ந்து அவதானித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதிக்கப்பட்ட குழுவில் நோய் முற்றுமுன்னரே கண்டறியப்பட்டது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பு உறுதியாகக் குறைந்ததென்று சொல்ல முடியவில்லை. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களைத் தனியே பார்த்தபோது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய படிப்பில்லாத, ஆனால் ஒழுங்காகப் பயிற்றப்பட்ட ஒரு பெண்ணின் விரல்களுக்கு இவ்வளவு வலு உண்டு.

எங்கள் நாட்டில் எல்லாப் பெண்களையும் கடிதம் போட்டு மமோகிராமுக்கு அழைக்கும் திட்டம் இல்லை. ஆனால் மும்பாயில் செய்ததுபோன்ற பரிசோதனை எங்கள் வாசலிலேயே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் 1996 முதல் நடத்திவரும் சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயதைத் தாண்டிய எவரும் காசு கொடுக்காமல் மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம். பெயரே சொல்கிறது, அது சுகமாக இருப்பவர்களுக்கான இடம். வருத்தம் வந்தால்தான் டொக்டரிடம் போவது என்ற எங்கள் பழக்கத்துக்கு அது புதிது.

சிகிச்சைக்காக மகரகமவுக்குப் போவதே பெரும்பாடாக இருந்த காலம் ஒன்று இருந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரைச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து 27 நாளில் நடந்து நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தால்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. இன்று இடம் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் பிந்தி வருகிறார்கள்.

ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் எங்களுக்கு மனப்பாடம். "நோகேல்லைத்தானே டொக்டர்." "மகளின்ரை கலியாணம் முடியட்டும் எண்டு இருந்தனான்." "கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை." "ஊசி போட்டால் பரவுமாம்." முதலாவதற்குப் பதில்: ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் நோகாது, நோகாததே அதன் ஆபத்து. கடைசிக்குப் பதில்: பயொப்சி செய்வதால் நோய் பரவுவதில்லை. நேரத்தோடு வந்தால் பலருக்கு முழு மார்பையும் அகற்றவேண்டி வராது. நடுவில் உள்ள இரண்டுக்கும் எங்கள் மருந்துப்பெட்டியில் பதில் இல்லை. அவை வீட்டாரும் சிநேகிதிகளும் தீர்க்கவேண்டியவை.

உலக சுகாதார நிறுவனம் மூன்று இலக்குகளை வைத்தது. நோய் கண்டறியப்படுபவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முதல் இரு நிலைகளில் இருக்கவேண்டும். வைத்தியரிடம் வந்து 60 நாளுக்குள் நோய் நிர்ணயம் முடியவேண்டும். 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையை முழுதாக முடிக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்றுகூட மெசினால் மட்டும் நிறைவேறாது.

வெளிநாட்டுச் சகோதரிகள் அடிக்கடி கேட்பது, "ஒரு மமோகிராம் மெசின் வாங்கித் தரட்டோ?" என்பது. அந்த மனதுக்கு நன்றி. ஆனால் படம் எடுக்கும் றேடியோகிராபரும், பார்க்கும் வைத்தியரும், பயொப்சியும், திருத்தும் ஆளும் இல்லாவிட்டால் மெசின் சீலை மூடியபடி கிடக்கும். வாங்குமுன் வைத்தியசாலையில் கேளுங்கள். அதைவிடச் சிறிய உதவி ஒன்று உண்டு. கிளினிக்குக்குப் போகத் தயங்கும் பெண்ணுக்கு ஓட்டோக் காசும், கூடப் போக ஒரு துணையும். சங்கம் இதற்கென ஒரு சிறு நிதியை இந்த நூற்றாண்டில் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பிரித்தானியாவில் இருப்பவர்களே, ஐம்பதிலிருந்து எழுபது வரை மூன்று வருடத்துக்கொருமுறை வரும் அழைப்புக் கடிதத்தை மேசையில் போட்டுவைக்காதீர்கள். ஊரில் இருப்பவர்களே, கட்டி, முலைக்காம்பு உள்வாங்குதல், இரத்தக் கசிவு, தோல் சுருங்குதல், கக்கத்தில் வீக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்தக் கிழமையே காட்டுங்கள். அம்மாவுக்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்திருந்தால் நாற்பது வரை காத்திராமல் வைத்தியரோடு கதையுங்கள்.

எங்கள் வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இப்போது ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் பிறந்தநாள் வாழ்த்து தவறுவதில்லை. இந்த மாதம் அதில் நீண்டநாளாகப் பேசாத ஒருத்தியைத் தேடிப்பிடித்து, "கிளினிக்குக்குப் போனனீயோ? நான் கூட வரட்டோ?" என்று கேளுங்கள்.