எலும்பு கூடிவிட்டது, பிழைப்பு?



சாதிவெறியர்கள் அடித்து முறித்த கால். எலும்பு கூடிவிட்டது, முட்டி மடங்கவில்லை. மருத்துவர் கோணத்தை அளந்து '20 விழுக்காடு நிரந்தர ஊனம்' என்று எழுதுகிறார். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது 20தான். நாற்று நடும் பெண்ணுக்கு? அவர் இனி வயலில் இறங்கவே முடியாதே!

உறுப்பின் ஊனம் வேறு, வருமான இழப்பு வேறு என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. இடக்கை போனால் தச்சருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே போயிற்று. அரசு எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம்.

ஆனால் வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்தம் நிவாரணத்தை ஊன விழுக்காட்டோடு கட்டிவைத்திருக்கிறது: 50க்குக் கீழே 2.5 லட்சம், மேலே 4.5 லட்சம், முழு ஊனத்துக்கு 8.25 லட்சம். யார் தலையில் சாதி உடலுழைப்பைச் சுமத்தியதோ, அவர்களின் இழப்பைத்தான் இந்த அளவுகோல் குறைத்துக் காட்டுகிறது.

சான்றிதழில் கோணத்தோடு அவர் செய்த வேலையையும் எழுதச் சொல்வோம். ஜெய்பீம்!