வளையம் தெரிந்த இரவு



விளக்கணைந்தால் ஆலத்தூர் நாட்டு வானம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று நாம் அறிவோம். முப்பது மடங்கு பெரிதாக்கும் சிறிய தொலைநோக்கி இருந்தாலே சனியின் வளையம் தெரியும். கண்வில்லையில் கைபேசியைப் பிடித்தால் படமும் விழும். கை நடுங்காமல் பிடிப்பதுதான் பாடு!

யுரேனஸின் வளையம் அப்படி அகப்படாது. நம்மைப் போலவே மலையாளி மக்கள் வாழும் ஜவ்வாது மலையில், காவலூரில், 1977 மார்ச் 10 இரவு பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு விழித்திருந்தார்கள். யுரேனஸ் நெருங்கி வந்த விண்மீன் சில நொடிகள் மங்கியது. புதிய நிலவு என்று எண்ணினார்கள். நமக்கும் பல வேளைகளில் கிடைப்பது இப்படி ஒரு துண்டுதானே? அவர்கள் அதை ஒளித்துவைக்காமல் உலகுக்கு அறிவித்தார்கள். இந்தியப் பெருங்கடல் மேல் விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழுவோ, அதே இரவில் கோளின் இருபுறமும் மங்கல்களைக் கண்டிருந்தது. பல இடத்துப் பதிவுகளை அடுக்கியபோது நிலவு வளையமாயிற்று.