வழி சொல்ல ஒருவர் வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் பெருமையைப் பேசுவதே வழக்கம். அதனைப் பேசத் தகுதி வாய்ந்த அறிஞர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். நானோ பல்லாண்டுகள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆதலின் எனக்குத் தெரிந்த ஒன்றையே பேச விரும்புகிறேன். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றைப் பயில நம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். சேர்த்துவிடும் வரையில் நாம் உடன் செல்கிறோம். உள்ளே சென்ற பின் அவர்களுக்கு வழி சொல்பவர் யார்? இதுவே என் கேள்வி.

முதலில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இதே மட்டாஞ்சேரியில் மிளகுப் பண்டகசாலை ஒன்றில் மூட்டை சுமந்து பிழைத்த தமிழர் ஒருவரின் மகன் என்னிடம் பயின்றான். கூர்மையான பிள்ளை. இறுதித் தேர்வு முடிந்து ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் வந்து, "சார், ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேர என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான். அதற்குரிய 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு பிப்ரவரியிலேயே நடந்து முடிந்திருந்தது. விண்ணப்பிக்கும் காலமோ அதற்கு முந்திய அக்டோபரிலேயே கழிந்துவிட்டது. மூன்றாண்டுகள் அவனுக்கு ஒளியியல் கற்பித்த நான், ஒரு தேதியைச் சொல்லத் தவறிவிட்டேன்! "அடுத்த ஆண்டு எழுதலாமே" என்றேன். "அப்பாவுக்கு முதுகு வீணாகிவிட்டது சார், வீட்டில் ஓராண்டு காத்திருக்க முடியாது" என்றான். இன்று அவன் கடைத்தெருவில் கணக்கெழுதுகிறான். நேர்மையான தொழில்தான், அதில் இழிவு ஏதுமில்லை. ஆயினும் அவன் விரும்பித் தேர்ந்த தொழில் அன்று அது.

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்தில், 1922-ஆம் ஆண்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஜி. என். இராமச்சந்திரன். அவர் தந்தையார் மகாராஜாஸ் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே மகனுக்குக் கணிதத்தில் சுவை ஊட்டினார். பின்னர்த் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்றபோது பாதிரியார் இராஜம் போன்ற ஆசிரியர்கள் அவரைக் கண்டறிந்து வளர்த்தனர். 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவர் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். ஆனால் உள்ளம் பௌதிகத்தையே நாடியது. அங்கே பௌதிகத் துறைத் தலைவராயிருந்த சர் சி. வி. இராமன், இவ்விளைஞன் உங்கள் துறைக்கு மிஞ்சிய கூர்மை படைத்தவன் என்ற கருத்துப்படச் சொல்லி, அவரைத் தம் துறைக்கே மாற்றிக்கொண்டார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திரன் பேராசிரியரானார். அங்கு வந்த விஞ்ஞானி பெர்னால், தோலிலும் எலும்பிலும் உள்ள 'கொலாஜன்' என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டார். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு ஆராய்ந்து, 1954-இல் அப்புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் உடையது என்று உலகுக்கு அறிவித்தார். 1963-இல் அவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட 'இராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகெங்கும் புரத ஆய்வாளர்களின் கையில் இருக்கிறது.

அன்பர்களே, அவருடைய அறிவு அவருடையதே; அதனை எவரும் கொடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பாதைப் பிரிவிலும் ஒருவர் நின்று கைகாட்டியிருக்கிறார். வீட்டில் தந்தை, கல்லூரியில் ஆசிரியர், பெங்களூரில் இராமன், சென்னையில் பெர்னால். என் மாணவனுக்கு அப்படி நின்றிருக்க வேண்டியவன் நான், நிற்கவில்லை.

விதி அறியாமையால் வரும் இழப்புக்கும் சான்று உண்டு. பீருமேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மாணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடும் அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் மனந்தளராது வானிலைக் கருவிகளில் பெரும்பணி செய்தார். எல்லாருக்கும் அத்தகைய நெஞ்சுரம் வாய்க்குமா? விதியை முன்னரே அறிவது நன்றன்றோ?

இன்று இத்தேவை மேலும் மிகுந்திருக்கிறது. 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் பயின்று ஆனர்ஸ் பட்டமும் பெறலாம். முதன்மைப் பாடத்தோடு எதனைத் துணைப்பாடமாகக் கொள்வது என்பதை மாணவரே தேர வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை, தோழன் எடுத்தான் என்று தானும் எடுப்பான். பௌதிகம் பயில்வோன் கணிதத்தைக் கைவிட்டால் அதன் விளைவு உடனே தெரியாது; மேல்வகுப்பில் குவாண்டம் பாடம் வரும்போது தெரியும். என் அனுபவத்தில் பௌதிகத்தில் தோற்றோருள் பெரும்பாலோர் கணிதத்தில்தான் தோற்றவர்கள்.

உதவிகள் இல்லாமல் இல்லை. பாடத்தில் பின்தங்குவோருக்குத் தனி வகுப்பு நடத்த 'ஸ்காலர் சப்போர்ட்' என்றும், திறமுடையோரை வழிகாட்டியிடம் ஒப்படைக்க 'வாக் வித் எ ஸ்காலர்' என்றும் கேரள உயர்கல்வித் துறை திட்டங்கள் வகுத்துள்ளது. தம் கல்லூரியில் அவை உண்டா என்று பிள்ளைகள் துறைத் தலைவரிடம் சென்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் கூடாது. அறிவியல் பயில்வோருக்கென மத்திய அரசு 2008-இல் தொடங்கிய 'இன்ஸ்பயர்' உபகாரச் சம்பளம், மேனிலைத் தேர்வில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றோருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை தர வகுக்கப்பட்டது. கோடை விடுமுறையில் பெரிய ஆய்வுக்கூடங்களில் இரண்டு மாதம் பயிற்சி பெற, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வாய்ப்பளித்து வந்திருக்கின்றன. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் பாடங்களை 'என்.பி.டி.இ.எல்.' வாயிலாகக் கட்டணமின்றி வீட்டிலிருந்தே கேட்கலாம். இவற்றின் விதிகளும் நாட்களும் மாறக்கூடியவை. ஆண்டுதோறும் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். "பி.எஸ்ஸி. படித்து என்ன வேலை?" என்று முதல் ஆண்டிலேயே கேட்டுப் பிள்ளையைக் கலங்க வைக்காதீர்கள். "இம்மாதம் உன் ஆசிரியரைத் தனியே கண்டு பேசினாயா?" என்று கேளுங்கள். கல்வியறியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி இது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் படிப்பகத்தில் இரண்டு நாற்காலிகள் போடுங்கள். ஒன்றில் நான் அமர்கிறேன். களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், அக்கரைக் கல்லூரிகளிலும் மேல்வகுப்புப் பயிலும் நம் பிள்ளைகள் முறைவைத்து மற்றொன்றில் அமரட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேர்வுகளின் பெயரும் விண்ணப்ப நாளும் எழுதிவைப்போம். படித்து முடித்தோரின் பாடநூல்களை ஓர் அலமாரியில் சேர்ப்போம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; ஒரு மணி நேரம் போதும்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில், அக்டோபர் மாதத்துக்கு நேரே, 'ஜாம் விண்ணப்பம்' என்று என் கையாலேயே எழுதுவேன். என் மாணவனுக்கு அது உதவாது. அவனுக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள், பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கேனும் உதவட்டும்.