டூர் டி பிரான்ஸ்: அடித்து எழுதிய கணக்கு

(நமது சங்கத்தின் மாலை நேரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜூலை மாதம் விளையாட்டுச் சேனல்களைத் திருப்பும்போது, மலைப்பாதையில் கூட்டமாக சைக்கிள் ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒருவர் மட்டும் மஞ்சள் சட்டை போட்டிருப்பார். அதுதான் டூர் டி பிரான்ஸ். மூன்று வாரம், 21 கட்டங்கள், சுமார் 3,400 கிலோமீட்டர். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவர் ஜெயித்தவர். அன்றைய தேதிவரை முதலிடத்தில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை. ஆக, இது காலால் எழுதுகிற ஒரு பேரேடு என்று சொல்லலாம்.

இந்தப் பந்தயம் பிறந்ததே வியாபாரத்துக்காக. பாரிஸில் 'லெ வேலோ' என்ற விளையாட்டு நாளிதழ் கொடிகட்டிப் பறந்தது. அதன் ஆசிரியரோடு அரசியல் தகராறு ஏற்பட்ட சில தொழிலதிபர்கள் 1900-இல் போட்டியாக இன்னொரு நாளிதழ் தொடங்கினார்கள். அதுதான் 'லோட்டோ'. ஆசிரியர் ஹென்றி டெக்ராஞ்ச். பத்திரிகை சரியாக விற்கவில்லை. 1902 நவம்பரில் ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர் ஒரு யோசனை சொன்னார்: பிரான்ஸையே சுற்றிவரும் சைக்கிள் பந்தயம் நடத்தினால் என்ன? பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்ட விக்டர் கோடே சம்மதித்தார். காரியம் நடந்தது.

முதலில் பேர் கொடுக்க ஆளே வரவில்லை. நுழைவுக் கட்டணத்தை 20 பிராங்கிலிருந்து 10 ஆகக் குறைத்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. 1903 ஜூலை 1 அன்று 60 பேர் புறப்பட்டார்கள். ஆறே கட்டங்கள், 2,428 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து லியோன் வரையிலான முதல் கட்டம் மட்டும் 467 கிலோமீட்டர். இரவெல்லாம் ஓட்ட வேண்டும். கடைசிவரை வந்தவர்கள் 21 பேர். ஜெயித்தவர் மோரிஸ் கரேன். சிறு வயதில் புகைபோக்கி சுத்தம் செய்து பிழைத்தவர். லோட்டோவின் விற்பனை 25,000 பிரதியிலிருந்து 65,000-க்கு ஏறியது. அடுத்த வருடம் லெ வேலோவை மூடிவிட்டார்கள்.

ஆனால் அந்த இரண்டாம் வருடமே சோதனை வந்தது. 1904 பந்தயத்தில் சாலையில் ஆணி தூவினார்கள். தங்கள் ஊர்க்காரர் ஜெயிக்க வேண்டும் என்று இருட்டில் ஒரு கும்பல் மற்ற வீரர்களை அடித்தது. சிலர் ரயிலிலும் காரிலும் போய்விட்டதாகப் புகார் வந்தது. கரேன்தான் மறுபடியும் முதலில் வந்தார். பிரெஞ்சு சைக்கிள் சங்கம் விசாரித்தது. பந்தயம் முடிந்து நான்கு மாதத்துக்கு மேல் ஆன பிறகு தீர்ப்பு சொன்னது: முதல் நான்கு இடங்களில் வந்தவர்கள் நீக்கம். ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே வெற்றியாளர் ஆனார். அவருக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. இன்றுவரை இந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர்களில் வயதில் சிறியவர் அவர்தான்.

யோசித்துப் பாருங்கள். பத்திரிகையை விற்றுக் கொடுத்ததே கரேன் போன்றவர்களின் பெயர்தான். அந்தப் பெயரையே பட்டியலில் அடித்தாயிற்று. பந்தயம் இத்தோடு முடிந்தது என்று டெக்ராஞ்ச் எழுதினார். ஆனால் 1905-இல் விதிகளை மாற்றி மறுபடி நடத்தினார். கட்டங்கள் 11 ஆயின, ஒவ்வொரு கட்டத்தின் தூரமும் குறைந்தது, நேரத்துக்குப் பதில் புள்ளிக் கணக்கு வந்தது. 1913-இல்தான் மறுபடி நேரக் கணக்குக்குத் திரும்பினார்கள்.

விதி நல்லவரையும் அடிக்கும் என்பதற்கும் இதே பந்தயத்தில் உதாரணம் உண்டு. 1913-இல் யூஜின் கிறிஸ்டோஃப் முன்னணியில் இருந்தார். பிரனீஸ் மலையில் டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்தது. பழுதானால் ஓட்டுபவர்தான் சரிசெய்ய வேண்டும், யாரும் உதவக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்தார். தானே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பற்றவைத்தார். துருத்தியை மட்டும் ஒரு சிறுவன் ஊதினான். அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி ஊதியதும் உதவிதான் என்று அபராத நேரம் போட்டார்கள். மொத்தத்தில் சுமார் நான்கு மணி நேரம் போய், அந்த வருட வெற்றியும் போயிற்று. 1919-இல் மஞ்சள் சட்டை வழக்கம் வந்தபோது அதை முதலில் அணிந்தவர் இதே கிறிஸ்டோஃப்தான். லோட்டோ மஞ்சள் தாளில் அச்சானதால் அந்த நிறம் என்பார்கள். ஆனால் அந்த வருடமும் அவருடைய ஃபோர்க் உடைந்தது. அவர் கடைசிவரை டூர் ஜெயிக்கவே இல்லை. இன்றைக்கு டயர் பஞ்சரானால் குழுவின் கார் பின்னாலேயே வந்து வேறு சைக்கிள் கொடுக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு, 1999 முதல் 2005 வரை ஏழு முறை ஜெயித்தார். உலகமே கொண்டாடியது. ஊக்கமருந்து உட்கொண்டது நிரூபணமாகி, 2012-இல் ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. 1904-இல் செய்ததுபோல அடுத்து வந்தவர்களை மேலே ஏற்றவில்லை. அந்தக் காலத்தில் ஓட்டிய மற்ற பலர் மீதும் அதே சந்தேகம் இருந்தது. அதனால் அந்த ஏழு வருடங்களுக்கும் வெற்றியாளர் என்று யாருடைய பெயரும் இல்லை.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. பேரேட்டில் தப்பான பதிவைச் சுரண்டி அழிக்க மாட்டோம். ஒரு கோடு போட்டு, சரியான தொகையை மேலே எழுதி, சுருக்கொப்பம் இடுவோம். தப்பு நடந்ததும் தெரியும், திருத்தியதும் தெரியும், திருத்தியவர் யார் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட பேரேட்டைத்தான் ஆடிட்டர் நம்புவார்.

இரண்டு உலகப் போர்களின்போது இந்தப் பந்தயம் நின்றது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது வெளிவந்ததற்காக, நாடு விடுதலையானதும் லோட்டோவும் மூடப்பட்டது. பந்தயம் மட்டும் 1947-இல் திரும்பி வந்தது. ஏமாற்றுக்காரர்கள் வராததால் அது நிலைத்தது என்று சொல்ல முடியாது. எத்தனையோ பேர் வந்தார்கள். எவ்வளவு பெரிய பெயரானாலும், எத்தனை வருடம் கழித்தானாலும் கோடு போடத் தயங்கவில்லை என்பதுதான் அதன் கௌரவம். ஒரு பந்தயத்துக்கு மட்டுமல்ல, பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் எந்தக் காரியத்துக்கும் இது பொருந்தும்.

வரும் ஜூலையில் டிவியில் பாருங்கள். பேரன் பேத்திகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் வருகிறார் என்று அவர்கள் கேட்பார்கள். கோர்னேயின் கதையையும், அந்த ஏழு காலியிடங்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.