பூகம்பத்திற்குத் தேதி சொன்ன மரங்கள்

(ஒரு வாசகசாலை ஆண்டுவிழாச் சொற்பொழிவு)



பூமி அதிர்ந்தால் ஆதிசேஷன் தலையை மாற்றினான் என்று சொல்லி, சாந்திக்குத் தட்சணையும் வாங்கும் ஆசாமிகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அதிர்ந்த பின்பு காரணம் சொல்ல எவனாலும் ஆகும். ஆனால் எழுதி வைப்பாரில்லாத ஒரு கடற்கரையில் 300 வருஷங்களுக்கு முன் நடந்த பூகம்பத்திற்கு நாளும் மணியும் கண்டுபிடித்தவர்களைப் பற்றியே இன்று பேச வந்தோம். அவர்கள் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, சேற்றைத் தோண்டினார்கள்.

கனடாவின் வான்கூவர் தீவு முதல் அமெரிக்காவின் வட கலிபோர்னியா வரை, கடலுக்கடியில் பூமியின் ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் நுழைந்துகொண்டிருக்கிறது. காஸ்கேடியா என்பது அதன் பெயர். வழுக்கிக்கொண்டு போனால் தொல்லையில்லை. சிக்கிக்கொள்வதால் மேல் தட்டின் விளிம்பு கீழே இழுபட, கரை மெல்ல மெல்ல மேலே புடைக்கிறது. பிடி விட்ட அன்றோ விளிம்பு துள்ளிக் கடலைத் தள்ளும், கரை தாழ்ந்துவிடும். வெள்ளையர் குடியேறிய பிறகு அப்படியொன்று நடக்காததால், பயமில்லை என்றே பலர் வெகுகாலம் இருந்தார்கள்.

1980-களில் பிரையன் அட்வாட்டர் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் வாஷிங்டன் மாகாணத்துக் கழிமுகங்களுக்கு ஓடத்தில் போய், மண்வெட்டியால் கரையைச் செதுக்கிப் பார்த்தார். சேற்றுக்கடியில் பழைய புல்தரை. அதன்மேல் கடல் வாரியடித்த மணல்! பக்கத்தில் கோப்பாலிஸ் ஆற்றோரம் உப்புநீர் ஏறிச் செத்த சீடர் மரங்கள் நின்றன. அவற்றின் வளையங்களை எண்ணியதில் கடைசி வளையம் 1699-ஆம் வருஷத்தது.

இனிச் சங்கதி ஜப்பானுக்குப் போகிறது. 1700 ஜனவரியில் அங்கே யாதொரு அதிர்ச்சியும் இல்லாமல் கடல் ஊருக்குள் புகுந்ததையும், வீடுகள் அழிந்ததையும் உள்ளூரார் எழுதி வைத்திருந்தார்கள். 1996-இல் கெஞ்சி சதாகேயும் கூட்டாளிகளும் அந்த அலை சமுத்திரத்தைக் கடக்கும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். காஸ்கேடியா அதிர்ந்தது 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி. அளவு ஏறக்குறைய 9.

அக்கரையின் பூர்வ குடிகள் இரவில் கடல் ஊரை விழுங்கிய கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். இடிப்பறவை, திமிங்கிலம் என்று அலங்காரம் இருந்தாலும் அதை நாம் பரிகசிக்க மாட்டோம். அவர்கள் அதை வைத்துத் தட்சணை கேட்கவில்லை.

அடுத்தது எப்போது என்றால், தெரியாது என்கிறார்கள் விஞ்ஞானிகள். 50 வருஷத்திற்குள் இத்தகைய பெரும் பூகம்பம் வர நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இடமுண்டு என்று மட்டும் சொல்லுகிறார்கள். ஜோசியன் எவனாவது "தெரியாது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தத் தெரியாததை வைத்துக்கொண்டே வெஸ்ட்போர்ட் ஊரார் 2013-இல் ஓட்டுப் போட்டுத் தங்கள் தலையில் வரி ஏற்றிக்கொண்டார்கள். 2016-இல் எழுந்த பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்து மேல்தளத்தில், அலை வந்தால் 1,000 பேர் ஏறி நிற்கலாம். அதிர்ந்த பின் அலை வர அரை மணியே ஆகும் என்பதால், படிகளைக் கட்டிடத்தின் மூலைகளில் அகலமாக வைத்திருக்கிறார்கள்.