பெயர் தெரியாத சுருட்டு

இலக்கியத் தொடரொன்றிலே சுருட்டைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று எனக்கே ஓர் ஐயம். நான் புகைப்பவனல்லன், பிறரைப் புகைக்கச் சொல்லவும் வரவில்லை. ஆனால், ஆக்கியவர் பெயர் தெரியாத ஒன்றை எவ்வாறு மதிப்பிடுவது என்ற பாடம் எனக்கு முதன்முதலிற் கிடைத்தது அப்புவின் திண்ணையிலேதான்.

அப்பு, என் தந்தையாரின் தகப்பனார், சுருட்டுத் தொழிலாளி. யாழ்ப்பாணத்துச் சுருட்டு ஒரு காலத்தில் தென்னிலங்கையின் ஊர்கள் பலவற்றிலும் எங்களவர் வைத்திருந்த கடைகளிலே விலைபோனது. ஆங்கிலத்தில் 'செரூட்' என வழங்குஞ் சொல்லும் நமது சுருட்டிலிருந்து சென்றதே. எங்கள் வளவுக் கொட்டிலில் ஏழெட்டுப் பேர் பாயில் வரிசையாக இருந்து சுற்றுவார்கள். ஒருவர் பத்திரிகை வாசிப்பார். 1990இல் பாதை அடைபட்டது. சரக்குத் தெற்கே போகவில்லை. கொட்டில் ஆளொழிந்தது. அப்புவின் கண்களிலும் புரை மூடிவிட்டது. கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்த பத்திரிகையை, ஜாம் போத்தல் விளக்கிலே நான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். 'ழ'கரம் பிசகினால் அதட்டல் விழும்.

அடுத்த வளவில் அவருடைய தம்பியார், எங்கள் சின்னப்பு, ஊர்த் தேவைக்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லை வேலியில் ஒரு கதியால் நகர்ந்த விவகாரத்தில், நான் பிறக்குமுன்பே இருவருக்கும் பேச்சில்லை. "அவன்ரை சுருட்டைப் பத்திறதிலும் பார்க்க வைக்கலைக் கொளுத்திப் பத்தலாம்" என்பது அப்புவின் தீர்ப்பு. பத்திப் பார்த்து அளித்த தீர்ப்பன்று அது.

1993இல் ஒரு மாலை. வீட்டிலே சுருட்டு முடிந்துவிட்டது. எனக்குப் பதினொரு வயது. குறும்போ இரக்கமோ, இன்றும் எனக்கு விளங்கவில்லை. சின்னப்புவிடம் ஒன்று வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் அப்புவின் கையில் வைத்தேன். கட்டிலேதான் லேபல் இருக்கும். தனிச் சுருட்டுக்கு ஏது பெயர்?

அவர் உடனே பற்றவைக்கவில்லை. காதோரம் பிடித்து மெல்ல உருட்டினார். இலை அதிகம் காய்ந்திருந்தால் நொறுநொறுக்கும். ஈரமென்றால் சத்தமே வராது. பிறகு மூக்கு. தென்னம் பொச்சின் புகையூட்டிப் பதப்படுத்திய இலைக்கு ஒரு மணம் உண்டு; புகை காணாத இலை பச்சை நாறும். நுனியை நாவில் தொட்டுக் கோடாவின் இனிப்பைப் பார்த்தார். கடைசியாகப் பெருவிரலால் மேலிலையின் சுற்றைத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. அப்பு இடக்கைக்காரர். அவருடைய சுற்று மற்றவர்களுடையதற்கு எதிர்ப்புறமாக ஓடும்.

பற்றவைத்து இரண்டு இழுவை இழுத்தார். "இது என்ரை கை. எங்கையடா எடுத்தனி? பழைய கட்டு ஏதும் கிடந்ததோ?" முகம் மலர்ந்திருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. றிச்சர்ட்ஸைப் படித்தபோது இந்தக் காட்சிதான் முன்னே வந்தது. அவர் கேம்பிரிட்ஜ் மாணவருக்குப் பதின்மூன்று கவிதைகளைப் பெயர் நீக்கிக் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் செய்தார். 1929இல் அது நூலாயிற்று. ஜோன் டண்ணின் பாடலைக்கூடப் பலர் குறை கூறியிருந்தனர். பெயரை மறைத்தால் படிப்பவனின் தரம் வெளிப்படும் என்பது உண்மை. ஆயினும் வெறும் நாவோடு எவரும் சுவைப்பதில்லை. நாவிலும் பழைய நினைவு ஒட்டியிருக்கிறது. நமது குறுந்தொகையிலோ, பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டின் தொடரையே பெயராக வைத்துச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். கையை வைத்து ஆளை அறிவது நமக்குப் புதிதன்று. அப்பு அறிந்ததும் கையைத்தான். சின்னப்பு பத்து வயதில் அவரருகே இருந்து, அவர் கையைப் பார்த்தே சுற்றப் பழகியவர்.

அன்று பொய் சொல்லியிருக்கலாம். அவருடைய சந்தோசத்தைக் கெடுக்க மனமும் இல்லை. ஆனால் வாய் முந்திவிட்டது: "சின்னப்பு சுத்தினது, அப்பு."

திட்டு வருமென்று தள்ளி நின்றேன். சுருட்டு முற்றத்துக்குப் பறக்கும் என்றும் எண்ணினேன். அவர் அதை விரல் சுடும்வரை பத்தினார். பிறகு, "கோடா கொஞ்சம் கூட" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் கூப்பிட்டார். "அந்தப் பேர் தெரியாத சுருட்டிலை ரெண்டு வாங்கியா. ஆருக்கெண்டு சொல்லாதை."

சின்னப்பு கட்டை அவிழ்க்கவில்லை. அப்போதுதான் சுற்றித் தன் மடியருகே வைத்திருந்தவற்றில் இரண்டைத் தெரிந்தெடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. ஆருக்கென்று அவரும் கேட்கவில்லை.