ப்ராஜெக்ட்: படிப்பின் நிறைவா? பட்டத்துக்கான சடங்கா?

  மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து எங்களையும் பார்க்கப் பொறுமையோடு உட்கார்ந்திருக்கும் திருத்தணிப் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! 

இது எல்லையில் இருக்கிற ஊர். பஸ்ஸிலே கொஞ்சம் கண்ணசந்தா ஆந்திராவிலே போய் இறங்கிடுவோம். (சிரிப்பு) ம.பொ.சி. போன்ற பெரியவர்கள் போராடி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இந்த மண் நம்மோடு சேர்ந்தது. இன்றைய தலைப்பும் ஓர் எல்லைத் தகராறுதான் ஐயா! கல்லூரி எங்கே முடிகிறது, தொழிற்சாலை எங்கே தொடங்குகிறது? அந்த எல்லைக் கோட்டில் நிற்கிறவன்தான் கடைசி வருஷ மாணவன்.

வீட்டிலே இருக்கிற தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. கம்பெனிக்காரர் தன் தொழிலில் இருக்கிற ஒரு சிக்கலைக் கொடுப்பார். நாலைந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சில மாதம் அங்கே போய், பார்த்து, அளந்து, கேட்டு, ஒரு வழி சொல்லணும். கல்லூரியில் ஒரு பேராசிரியர், கம்பெனியில் ஓர் அதிகாரி, இரண்டு பேரும் மேய்ப்பாங்க. கடைசியில் அறிக்கை, அப்புறம் 'வைவா' என்கிற வாய்மொழித் தேர்வு. இதுதான் ப்ராஜெக்ட். "இது படிப்பின் நிறைவே" என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "ப்ராஜெக்ட்டெல்லாம் இப்போ கடையிலே விக்குது சார். காசைக் கொடுத்தா பொன்னெழுத்துப் போட்டு பைண்டிங்கோட கையிலே தர்றான்." உண்மைதான். மறுக்கலே. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஊருக்கு ஆயிரமாயிரம் காவடி வருது. நாம வேண்டிக்கிட்ட காவடியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துத் தூக்கச் சொன்னா, வேண்டுதல் நிறைவேறுமா? (கைதட்டல்) அப்படி ஒருத்தர் செஞ்சார்னு வைங்க. தப்பு காவடி மேலேயா? ஆள் வெச்சவர் மேலேயா?

சரி, இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கா? இருக்கு. அதுக்கு உதாரணம் தேடி நான் வெளியூர் போக வேண்டாம். உலகத்திலேயே பெரிய ப்ராஜெக்ட் யாருது? பிரம்மாவோடது! உலகமே அவர் ப்ராஜெக்ட்தான். அவரை ஒரு சின்னப் பையன் நிறுத்தி, "பிரணவத்துக்குப் பொருள் என்ன?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டான். முழிச்சார். தலையிலே குட்டு, சிறைவாசம், வேலையும் போச்சு. ஐயா, உலகத்தின் முதல் வைவா அதுதான்! (சிரிப்பு, கைதட்டல்) அப்புறம் என்ன ஆச்சு? அதே பிரம்மா இந்தத் தணிகை மலைக்கு வந்து, பிரம்ம சுனையருகே முருகனை வழிபட்டு, இழந்த படைப்புத் தொழிலைத் திரும்ப வாங்கினார்னு தலபுராணம் சொல்லுது. அதாவது, பிரம்மா அரியர் எழுதிப் பாஸ் பண்ணின ஊர் இந்தத் திருத்தணி! (பலத்த சிரிப்பு)

இதிலே கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. பிரம்மாவுக்குப் பொருள் தெரியலேங்கிறதுக்காகப் படைப்புத் தொழிலையே யாரும் மூடிடலே. கேள்வி கேக்க ஒரு முருகன் இருந்தான். அவ்வளவுதான். ப்ராஜெக்ட்டை ஒழிக்க வேண்டாம் நடுவர் அவர்களே. கேள்வி கேக்குற வாத்தியாரைக் கொண்டு வாங்க!

"வகுப்பறையிலே கத்துக்காததை வெளியிலே என்ன கத்துக்கப் போறான்?"னு கேட்டாங்க எதிரணிச் சகோதரி. அம்மா, இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1906-லேயே அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஷ்னைடர் என்கிற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்துத் தொடங்கினார்: கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் தொழிற்சாலை. நம் நாட்டில் பிலானி பிட்ஸ் நிறுவனம் 1973-லேயே 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்று வைத்து, மாணவர்களைக் கூட்டமாகத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது. நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யிலே என்ன செஞ்சாங்க? 1926-லேயே தொழிற்கூடம் வந்தாச்சு; பொறியியல் கல்லூரி 1951-லேதான் வந்தது. பட்டறை அக்கா, கல்லூரி தங்கச்சி! (சிரிப்பு)

இன்னொரு கதை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1950-களில் ராமேசுவரத்துப் பிள்ளை ஒருத்தர் அங்கே சேரணும். பணமில்லை. அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கும் கூட நாலு பேருக்கும் ஒரு ப்ராஜெக்ட். தாழப் பறந்து தாக்குகிற விமானம் ஒன்றை வடிவமைக்கணும். பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார். வேலை திருப்தியில்லை. பிள்ளை ஒரு மாதம் அவகாசம் கேட்டார். பேராசிரியர் கொடுத்தது மூணே நாள்! திங்கட்கிழமை காலையில் படம் வரலேன்னா உதவித்தொகை நின்னுடும்னுட்டார். ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை நின்னா படிப்பே நின்ன மாதிரி. ராத்திரி பகலா வரைபலகையே கதின்னு கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்த்தா, பின்னாடி பேராசிரியர் நின்னுக்கிட்டிருக்கார்! மிரட்டினவர்தான், லீவு நாளிலே வந்து, வேலையைப் பார்த்துத் தட்டிக் கொடுத்துட்டுப் போனார். அந்தப் பிள்ளை யார் தெரியுமா? அப்துல் கலாம்! (கைதட்டல்) 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் அவரே சொல்லியிருக்கார்.

அது கல்லூரி கொடுத்த ப்ராஜெக்ட்தான். ஆனா குழு இருந்தது, கெடு இருந்தது, கேக்க ஆள் இருந்தது. அங்கிருந்து அவர் பெங்களூர் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலைக்குப் பயிற்சியாளராகப் போய், விமான எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டுற வேலையிலே நின்னார்.

அதே குரோம்பேட்டை வளாகம், பின்னால் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. "செயற்கைக்கோள் ஒன்று செய்து தாருங்கள்" என்று வேலை கொடுத்தது இஸ்ரோ. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உழைத்து உருவாக்கிய 'அனுசாட்', 40 கிலோ எடை. 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி, இதோ எல்லை தாண்டினால் இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான்! (கைதட்டல்) அங்கே கடையிலே வாங்கின ப்ராஜெக்ட் செல்லுமா? செயற்கைக்கோளை அதிர்வு மேசையிலே வெச்சுக் குலுக்குவாங்க. "பாவம், கடைசி வருஷம், பாஸ் போட்டுடலாம்"னு அந்த மேசை இரக்கப்படுமா? நிஜமான வேலைக்கு நிஜமான பரீட்சை!

"நாலு பேர் குழுவிலே ஒருத்தன் வேலை செய்யறான், மூணு பேர் கையெழுத்துப் போடறான்"னு ஒரு குற்றச்சாட்டு. நடக்குது. ஆனா குழுவாய் வேலை செய்யறதையும் எங்கேயாவது கத்துக்கத்தானே வேணும்? திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று 47-லிருந்து 52 வரை வரிசையாக ஆறு அதிகாரம். முருகனுக்கு ஆறு படை வீடு மாதிரி, செயலுக்கு ஆறு படை வீடு! யோசி, உன் பலத்தைப் பார், காலம் பார், இடம் பார், ஆளைத் தெரிந்துகொள், அவனுக்கு ஏற்ற வேலையைக் கொடு. எந்தக் கம்பெனியிலும் ப்ராஜெக்ட் இந்த ஆறு படியில்தான் ஏறணும். வகுப்பிலே மனப்பாடம் செஞ்சா ரெண்டு மார்க். களத்திலே செஞ்சு பார்த்தா அதுதான் வாழ்க்கை.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. இந்தப் பொதட்டூர்பேட்டைப் பக்கம், விசைத்தறிக் குடும்பம். வீட்டிலே முதல் பட்டதாரி. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ப்ராஜெக்ட்டுக்குப் போகணும்னாள். அப்பா தயங்கினார். "விடியக்காலை பஸ்ஸு, ராத்திரி திரும்பறது, பொம்பளைப் புள்ளை"ன்னார். அம்மாதான், "நீங்க தறிச் சத்தத்திலேயே இருந்துட்டீங்க. அவளாவது வேற சத்தம் கேக்கட்டும்"னு அனுப்பி வெச்சாங்க.

அங்கே கொடுத்த சிக்கல் என்ன? பளபளன்னு பாலீஷ் போட்ட பாகங்கள், ஒரு கொட்டகையிலேர்ந்து இன்னொரு கொட்டகைக்குப் போறதுக்குள்ளே கீறல் விழுந்து கழிஞ்சு போகுது. நாலு மாணவர்களும் ரெண்டு வாரம் மெஷினையே சந்தேகப்பட்டு அளந்தாங்க. மெஷின் குத்தமில்லை. தட்டுலே அடுக்கித் தள்ளுவண்டியிலே கொண்டு போறப்போ ஒண்ணோட ஒண்ணு உரசுது. இதைச் சொன்னது அங்கே அடுக்குற வேலை பார்க்கிற ஓர் அம்மா. "இத்தனை நாளா ஏம்மா சொல்லலே?"ன்னு கேட்டா, "யாரும் கேக்கலியே கண்ணு!"ன்னாங்களாம். (கைதட்டல்)

சரி, என்ன செய்யறது? நம்ம பொண்ணு சொன்னாள்: "எங்கம்மா ஜரிகைப் புடவையை மடிக்கும்போது மடிப்புக்கு நடுவே பழைய வேட்டித் துணியை வெப்பாங்க. ஜரிகை ஜரிகையோட உரசக் கூடாதுன்னு. இங்கேயும் வரிசைக்கு வரிசை துணி போட்டா என்ன?" போட்டுப் பார்த்தாங்க. கழிவு குறைஞ்சுது. அதிகாரி, "இது யார் யோசனை?"ன்னு கேட்டார். நாலு பேரும் ஒரே குரலில், "எங்க யோசனை சார்"னாங்க. அந்தப் பொண்ணு சேர்த்துச் சொன்னாள், "கண்டுபிடிச்சது அந்த அம்மா சார்." (பலத்த கைதட்டல்)

ஐயா, எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கு இது? தொழிலாளியிடம் காது கொடுக்கிறது, தோழனை விட்டுக் கொடுக்காதது, தன் வீட்டு அறிவுக்கும் மதிப்பு உண்டுன்னு தலை நிமிர்றது... இதை எந்த செமஸ்டரிலே வைப்பீங்க?

எதிரணி சொன்னதிலே ஒண்ணை நான் தலைவணங்கி ஏத்துக்கறேன். சில இடத்திலே பிள்ளைகளை டீ வாங்கவும் காகிதம் நகல் எடுக்கவும் வெச்சு, கடைசியிலே சான்றிதழுக்குப் பணமும் கேக்கறாங்க. இது அநியாயம். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சியாளர் சட்டம், தொழில் பழகுநருக்கு உதவித்தொகை கொடுன்னு சொல்லுது. 1973 திருத்தத்திலே பட்டதாரிகளையும் டிப்ளமா படிச்சவங்களையும் சேர்த்தாங்க. ஆனா கல்லூரியிலேர்ந்து ப்ராஜெக்ட்டுக்குப் போற மாணவன் பல இடத்திலே வெறும் கையோட திரும்பறான். வசதி உள்ள பிள்ளை சென்னையில் அறை எடுத்துத் தங்கும். இந்தப் பள்ளிப்பட்டுப் பிள்ளை என்ன செய்யும்? கையிலே காசில்லாததாலேதான் சில பேர் போகாமலே கடையிலே வாங்கறான்! அதனாலே கம்பெனிக்காரர்களுக்குச் சொல்றேன்: உங்க சிக்கலைத் தீர்க்க வர்ற பிள்ளைக்கு பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுங்க. அது தர்மமில்லை, கூலி!

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1888-இல் டாக்டர் ராதாகிருஷ்ணனைத் தந்த ஊர் இது. அவர் பிறந்த செப்டம்பர் 5-ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த மண்ணிலே நின்னு கேக்கறேன்: நம்ம மாணவன் வேலை செய்யற இடத்தை ஒரு நாள் நேரிலே போய்ப் பார்த்திருக்கோமா? ஞாயிற்றுக்கிழமை வந்து நின்னாரே சீனிவாசன், அவர் ஒருத்தர் போதும், எந்த ப்ராஜெக்ட்டும் சடங்காகாது.

கேக்க ஆளில்லேன்னா கல்யாணம்கூடச் சடங்குதான். கேக்க ஆளிருந்தா களம்கூடக் கல்லூரிதான். வேலை நிஜமாயிருக்கணும், வாத்தியார் வரணும், பிள்ளை பசியாம இருக்கணும். இந்த மூன்றும் சேர்ந்தால் அது படிப்பின் நிறைவே, நிறைவே!